மஞ்சள் அட்டை கட்டிய செடி

கோமதிநாயகத்துக்கு ஏப்ரல் மாதத்தில் சளி பிடிக்கும். ஒரகடம், படப்பை வட்டாரத்தில் மற்றவர்களுக்கு வேர்க்குரு வரும் மாதம் அது. மாலையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து அவர் ஸ்வெட்டருடன் இறங்குவார். பின்னால் இறங்குகிறவர்கள் சட்டையின் மேல் இரண்டு பொத்தான்களைத் திறந்துவிட்டிருப்பார்கள்.

காரணம் அவர் வேலை பார்த்த இடம். கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஸ்டாண்டர்ட் ரூம் என்று ஓர் அறை உண்டு. அளக்கும் கருவிகளையே அளந்து சரிபார்க்கும் அறை. இரும்பு சூட்டில் விரியும் என்பதால் அந்த அறை வருடம் முழுக்க இருபது டிகிரியில் இருக்க வேண்டும். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் முதலில் இந்த அறைக்குத்தான் ஓடும். மேனேஜர் அறைக்கு அப்புறம்தான். இந்தக் குளிர் இரும்புக்காக ஏற்பட்டது. கோமதிநாயகம் அதன் ஓரத்தில் உட்கார்ந்து கொள்ளலாம், அவ்வளவுதான்.

மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு 2002 அக்டோபரில் நான் படப்பைக்குத் திரும்பியபோது, அவரும் அவர் மனைவி மாடத்தியும் எங்கள் வீட்டின் கீழ்ப் போர்ஷனில் குடியிருந்தார்கள். அவர் சங்கரன்கோவில் பக்கம், மாடத்தி நாங்குநேரி. டிப்ளமோ முடித்துவிட்டு வந்து ஐந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. முதலில் அப்ரண்டிஸ். பிறகு டிரெய்னி. பிறகு சீனியர் டிரெய்னி. அதற்கு மேல் என்ன பெயர் வைப்பது என்று தெரியாமல் கம்பெனி மறுபடியும் டிரெய்னி என்றே ஓர் ஆர்டர் கொடுத்திருந்தது. அவரிடம் வேலை கற்றுக்கொண்ட நான்கு பேர் பெர்மனென்ட் ஆகிவிட்டார்கள். நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார் என்று அவரைப் பற்றி நல்ல பெயர்.

கல்யாணத் தரகர் பெண் வீட்டில் அவரை பெர்மனென்ட் என்று சொல்லியிருந்தார். அதனால் மாடத்தியின் அண்ணன் வனமாமலை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பதினோரு மணிக்கு நாங்குநேரியிலிருந்து போன் செய்வார். போன் எங்கள் வீட்டில்தான் இருந்தது. நான் எடுத்தால், "தங்கச்சி, மாப்ளைக்குப் பெர்மனெண்ட் ஆயிட்டாம்மா?" என்று என்னிடமே கேட்டுவிடுவார். ஆகவில்லை என்று சொல்வது எனக்கே கூச்சமாக இருக்கும். மாடத்தியைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுவேன். கோமதிநாயகம் அந்த நேரம் மட்டும் கடைக்குப் போயிருப்பார்.

நான் வந்த மறுநாள் அப்பா, "கீழ இருக்கறவங்களுக்கும் ஏதாவது குடு" என்றார். பையைத் துழாவினேன். ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்தில் மிச்சச் சில்லறையைத் தீர்ப்பதற்காக வாங்கிய ஒரு விதைப் பொட்டலம் கிடைத்தது. மேலே இளஞ்சிவப்புப் பூவின் படம். சைக்ளமென். பனி விழும் ஊர்களில் ஜன்னலோரம் வைக்கும் செடி. யாரும் அதைப் படப்பையில் விதைக்கப் போவதில்லை என்ற தைரியத்தில் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் கோமதிநாயகம் பொட்டலத்தை லேமினேட் செய்து எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தார்.

"மேடம், இதுல எல்லாம் டாலரன்ஸோட போட்டிருக்கான். எவ்வளவு கூடலாம், எவ்வளவு கொறயலாம்னு."

என்னை மேடம் என்று கூப்பிட வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன். கம்பெனிப் பழக்கம், விடவில்லை. பொட்டலத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதியிருந்ததை எனக்கு வாசித்துக் காட்டினார். பன்னிரண்டு மணி நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவை. அரை சென்டிமீட்டர் ஆழத்தில் விதை. முழு இருட்டு. வெப்பம் பதினைந்திலிருந்து பதினெட்டு. முளைக்க முப்பது முதல் அறுபது நாள். பூக்கப் பதினான்கு முதல் பதினெட்டு மாதம்.

"இது நம்ம ஊர்ல வராதுங்க. சும்மா ஞாபகத்துக்குக் குடுத்தேன்," என்றேன்.

"டிராயிங் தந்துட்டீங்கல்லா மேடம். இனி செஞ்சுதான் பாக்கணும்," என்றார். கம்பெனியில் டிராயிங் என்றால் செய்ய வேண்டிய பொருளின் அளவுப் படம்.

அடுத்த இரண்டு வாரம் அவர் கையில் ஒரு தெர்மாமீட்டருடன் வீட்டுக்குள் பதினைந்து டிகிரியைத் தேடினார். பாத்ரூம் டிரம்முக்கு அடியில் இருபத்து நான்கு. அரிசி மூட்டைக்குப் பின்னால் இருபத்தேழு. மாடிப்படிக்குக் கீழே ஈரச் சாக்கு போட்டுப் பார்த்ததில் இருபத்து இரண்டரை. கடைசியில் ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டுதான் தேறியது. அதற்குள் தெர்மோகோல் பெட்டி ஒன்றை வைத்து, அதற்குள் விதைகளை வைத்து, மூடியில் எத்தனை ஓட்டை போட்டால் பதினாறு வரும் என்று கண்டுபிடித்தார். ஏழு ஓட்டை. இருட்டுக்கு என்னிடம் வழி இருந்தது. கேமரா ஃபிலிம் சுருள் வரும் கருப்பு டப்பாக்கள், ஒரு பை நிறைய வைத்திருந்தேன். மண் நிரப்பி, ஒரு டப்பாவுக்கு ஒரு விதை. பன்னிரண்டு டப்பாவிலும் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் எழுதினார்.

அந்த ஃப்ரிட்ஜ் வனமாமலை சீராகக் கொடுத்தது. மாடத்தி என்னிடம் நியாயம் கேட்க வந்தாள்.

"எக்கா, நீங்களே சொல்லுங்க. காய்கறித் தட்டுல காய்கறி வைக்கக் கூடாதாம். தொறக்கவும் கூடாதாம். பெறவு எதுக்கு ஃப்ரிட்ஜி?"

"தொறக்கக் கூடாதுன்னு யாரு சொன்னா?" கீழேயிருந்து அவர் குரல் வந்தது. "ஒரு நாளைக்கு நாலு தடவ தொறக்கலாம். நாலு தடவன்னா ஒண்ணரை டிகிரிதான் ஏறுது."

"அஞ்சாவது தடவ தண்ணி தவிச்சா?"

"பானையில இருக்குல்லா."

"தோசை மாவு?"

அன்றிலிருந்து மாவு எங்கள் ஃப்ரிட்ஜுக்கு வந்தது. கொடுத்த பரிசுக்கு எங்கள் வீடு கட்டிய வாடகை அது.

இருபத்தைந்தாம் நாள் வரை ஒன்றும் முளைக்கவில்லை. முப்பது நாள் ஆகும் என்று லேமினேட் செய்த அட்டையே சொல்லியிருந்தது. ஆனாலும் அவரால் முடியவில்லை. கம்பெனியில் ஒரு லாட் சரக்கு சந்தேகத்துக்கு உள்ளானால் அதில் ஓரிரண்டை எடுத்து உடைத்துப் பார்ப்பது விதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாலாம் எண்ணையும் ஒன்பதாம் எண்ணையும் எடுத்து, பிளேடால் அறுத்து, லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

அன்று புருஷோத்தமன் வந்திருந்தார். அதே கம்பெனியில் ஸ்டோர்ஸில் வேலை; பக்கத்துக் கிராமத்துக்காரர். அவர் வேர்க்கடலை போட்ட நிலத்தில்தான் கம்பெனியின் கேன்டீன் நிற்கிறது. நிலம் கொடுத்தவர் என்பதால் முதல் நாளிலிருந்தே பெர்மனென்ட்.

"இன்னா நாயகம், வெதைய அறுத்தா பாக்குற? நாங்க அத்தினி வருசம் வேர்க்கல்ல போட்டோம்பா. ஒரு நாளு கூட அறுத்துப் பாக்கல."

"சாம்பிள் அண்ணாச்சி. உள்ள நல்லாருக்கான்னு தெரியணும்லா."

"தெரிஞ்சிதா?"

"ரெண்டும் ரொம்ப நல்லாருந்துது."

"அப்ப அது ரெண்டும் இப்ப இன்னா ஆச்சி?"

"ஸ்கிராப்," என்றார் கோமதிநாயகம், கொஞ்சம் தணிந்த குரலில்.

நாற்பத்து மூன்றாம் நாள் ஏழாம் எண் டப்பாவில் ஒரு வெள்ளைக் கொக்கி தெரிந்தது. வாரம் முடிவதற்குள் மொத்தம் நான்கு. அவற்றைச் சின்னத் தொட்டிகளுக்கு மாற்றி, தினமும் காலையில் ஜன்னலோரம் வெளிச்சம் காட்டிவிட்டுத் திரும்ப ஃப்ரிட்ஜுக்குள் வைப்பார். இந்தச் செடிக்கு ஒரு குணம்: இலை விடுவதற்கு முன்பே மண்ணுக்குள் ஒரு கிழங்கைக் கட்டிக்கொள்ளும். உளுந்து அளவுக்கு இருக்கும் அந்தக் கிழங்கைச் சுற்றி மண்ணை ஒதுக்கி, வெர்னியர் அளவுகோலால் அளந்து, ஒரு நோட்டில் மில்லிமீட்டரில் இரண்டு தசமத்துக்கு எழுதிவந்தார். தேதி, நேரம், வெப்பம், கிழங்கின் விட்டம், இலை எண்ணிக்கை. ஒரு நாள் விடவில்லை. இப்படித் தினமும் நெருக்கினால் எந்தக் கிழங்குக்கும் பயம் வரும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். கிழங்கை அளப்பதை மட்டும் மாதத்துக்கு ஒரு தடவையாகக் குறைத்துக்கொண்டார்; மற்றதெல்லாம் தினமும் நோட்டில் ஏறியது. அதற்குள் இரண்டு செடி போய்விட்டது.

இதற்கு நடுவே பொங்கல் வந்தது. வனமாமலை போனில் மாடத்தியிடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். நான் பக்கத்தில் இருந்தேன்; அவர் குரல் நாங்குநேரியிலிருந்து நேராகவே கேட்கும் அளவுக்கு இருக்கும்.

"அடுத்த தை வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள பெர்மனெண்ட் ஆவலன்னா பொட்டியக் கட்டிக்கிட்டு ரெண்டு பேரும் இங்க வந்துருங்க. கடையில அவருக்கு ஒரு சேர் போட்டுருதேன்."

வனமாமலைக்கு நாங்குநேரியில் இரும்புக் கடை. நல்ல வியாபாரம். மரியாதையான சேராகத்தான் இருந்திருக்கும். ஆனால் அன்று மாலை கோமதிநாயகம் என்னிடம், "அங்க ஆணியெல்லாம் கிலோவுல விக்கிறாங்க மேடம்," என்றார். வேறு யாராவதாக இருந்தால் கள்ளச் சாராயம் விற்கிறார்கள் என்பதை அந்தக் குரலில் சொல்வார்கள்.

ஏப்ரலில் மதியம் இரண்டு மணி நேரம் மின்வெட்டு வந்தது. ஃப்ரிட்ஜ் இருபத்தாறைத் தொட்டது. மூன்றாவது செடி மடிந்தது. மிஞ்சியது ஏழாம் எண். மூன்று இலை, ஒவ்வொன்றும் ஒரு ரூபாய்க் காசு அளவு. மறுநாள் காலை அவர் அதைச் சாப்பாட்டுப் பையில் வைத்து, மேலே டிபன் பாக்ஸை வைக்காமல் கையில் பிடித்துக்கொண்டு, கம்பெனி பஸ்ஸில் ஏறினார்.

இந்த நிலப்பரப்பில் ஏப்ரலிலும் மே மாதத்திலும் இருபது டிகிரி இருக்கும் இடம் அவருக்குத் தெரிந்து ஒன்றுதான். ஆனால் ஸ்டாண்டர்ட் ரூமுக்குள் செருப்புக்கூட அனுமதி இல்லை. மண் என்ற சொல்லையே அங்கே யாரும் சொல்வதில்லை. அவர் விதியை மீறியது அந்த ஒரு தடவைதான், அதையும் முறைப்படி மீறினார்.

அந்தக் கம்பெனியில் பொருள்களுக்கு அட்டை கட்டுவார்கள். பச்சை அட்டை என்றால் சரி. சிவப்பு என்றால் கழிவு. மஞ்சள் என்றால் முடிவு தெரியவில்லை, சோதனையில் இருக்கிறது, யாரும் தொடாதே. அளக்க வரும் எந்தப் பொருளும் அறையின் குளிருக்கு வருவதற்காக ஒரு நாள் முழுக்க அங்கே மஞ்சள் அட்டையுடன் உட்கார்ந்திருக்கும். கோமதிநாயகம் தொட்டியின் மண்ணை பிளாஸ்டிக் தாளால் மூடி, கிழங்குக்கு மட்டும் வட்டமாக வெட்டிவிட்டு, ஜன்னலோர மேஜையில் வைத்து, மஞ்சள் அட்டை கட்டினார். தண்ணீரை அறைக்குள் ஊற்றவே மாட்டார். ஸ்லிப் கேஜ் என்ற அளவுக் கட்டிகள் துருப்பிடிக்கும். தொட்டியை வெளியே எடுத்துப்போய், தண்ணீர்த் தட்டில் அரைமணி நிறுத்தி, அடியைத் துடைத்து, திரும்பக் கொண்டுவருவார்.

"யாரும் கேக்கலயா?" என்று நான் ஒரு நாள் கேட்டேன்.

கூட இருந்த புருஷோத்தமன் பதில் சொன்னார். "மஞ்ச அட்டய எவன் கேப்பான்? இவனுக்கே ஆறு வருசமா ஒரு மஞ்ச அட்ட கட்டி உட்டுக்கீறான். எவனாவது கேட்டானா?"

கோமதிநாயகம் சிரித்தார். மாடத்தி சிரிக்கவில்லை.

ஜூன் மாதம் தரக் கட்டுப்பாட்டு மேனேஜர் நடேசன் அந்த மேஜையருகே நின்றாராம். அட்டையைப் பார்த்தார், செடியைப் பார்க்கவில்லை. "இது எந்த கஸ்டமர்?" என்று கேட்டார்.

"டெவலப்மென்ட் சாம்பிள் சார்."

"எப்ப முடியும்?"

"மொத்தம் பதினெட்டு மாசம் சார். ஏழு மாசம் முடிஞ்சிருக்கு."

"டிலே பண்ணாதீங்க," என்று சொல்லிவிட்டு நடேசன் போய்விட்டார்.

நான் அந்தக் கோடையில் இமயமலையில் இருக்கும் ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்குப் போய்விட்டு ஆகஸ்டில் திரும்பினேன். ஏழாம் எண்ணுக்குப் பதினோரு இலை வந்திருந்தது. கோமதிநாயகத்துக்கு இன்னொரு டிரெய்னி ஆர்டர் வந்திருந்தது.

செப்டம்பரில் தரச் சான்றிதழுக்காக வெளி ஆடிட் நடந்தது. ஆடிட்டர் கண்ணாடி போட்ட, பொறுமையான மனிதர். ஸ்டாண்டர்ட் ரூமுக்குள் வந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனவர் ஜன்னலருகே நின்றார்.

"இது என்ன?"

நடேசன் அன்றுதான் அதை முதன்முதலாகச் செடியாகப் பார்த்தார். மஞ்சள் அட்டையை ஒரு தடவை திருப்பினார். பிறகு, "ஹியூமிடிட்டி இண்டிகேட்டர். அறையில் ஈரப்பதம் தப்பினால் இலை வாடும்," என்றார். அவசரத்துக்கு அவ்வளவு நன்றாகவே சொல்லிவிட்டார் என்று கோமதிநாயகம் இப்போதும் சொல்வார்.

"ரெக்கார்ட்ஸ் இருக்கா?"

கோமதிநாயகம் நோட்டை எடுத்து நீட்டினார். பத்து மாதம். ஒரு வேலை நாள்கூட இடைவெளி இல்லை. ஆடிட்டர் பத்து நிமிடம் பக்கங்களைத் திருப்பினார். இந்த ஆலையில் தான் பார்த்த ரெக்கார்டுகளில் ஓட்டை இல்லாதது இது ஒன்றுதான் என்றார். பிறகு குறையை எழுதினார்: மேற்படி பொருளுக்கு அடையாள எண் இல்லை, பராமரிப்பு முறை எழுத்தில் இல்லை, முப்பது நாளில் சரிசெய்யவும்.

அவர் போனதும் நடேசன் கோமதிநாயகத்தைக் கூப்பிட்டார்.

"நாயகம், உன்ன பெர்மனென்ட் ஆக்குற கன்ஃபர்மேஷன் ஃபைல் என் டேபிள்லதான்ப்பா இருக்கு. இந்த வருஷமாவது அனுப்பலாம்னு இருந்தேன். அது மேல கொண்டாந்து தொட்டிய வெச்சுட்டியே."

அன்று மாலை புருஷோத்தமன் வந்து சொல்லித்தான் தெரிந்தது. மாடத்தி எழுந்துபோய் ஃப்ரிட்ஜைத் திறந்து, காலியாக இருந்த காய்கறித் தட்டைப் பார்த்துவிட்டு, மூடினாள். தைக்கு மூன்றரை மாதம் இருந்தது.

செடியைத் தூக்கி எறிவது சுலபம். ஆனால் எறிந்தால் ஏன் எறிந்தீர்கள், யார் உள்ளே விட்டது என்று ஆடிட்டருக்குப் பதில் எழுத வேண்டும். வைத்துக்கொண்டால் எண் போட்டால் போதும். நடேசன் வைத்துக்கொள்ளத் தீர்மானித்தார். செடிக்குப் பொருள் எண் வந்தது. பொறுப்பாளர் பெயர் வந்தது. ஏழு பக்கத்தில் பராமரிப்பு முறை எழுதப்பட்டது; அதன் இரண்டாம் பக்கம் என் விதைப் பொட்டலத்தின் பின்பக்கம்தான், வார்த்தை மாறாமல். கம்பெனியின் சொத்துப் பதிவேட்டில் ஏழாம் எண் ஏறியது. மாதா மாதம் நடேசனுக்கு ஓர் அறிக்கை போயிற்று.

நவம்பர் போயிற்று. டிசம்பர் போயிற்று. வனமாமலை ஞாயிற்றுக்கிழமைகளில் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டு, கடைக்கு மாடி எடுக்கிறேன், மேலே நீங்கள் இருந்துகொள்ளலாம் என்று பேசத் தொடங்கியிருந்தார்.

பொங்கலுக்கு ஆறு நாள் முன்பு ஆர்டர் வந்தது. பெர்மனென்ட். முத்திரை, கையெழுத்து, ஊழியர் எண் எல்லாம் இருந்தது. பதவி: சூப்பர்வைசர், தோட்டம்.

கம்பெனி சுற்றுச்சூழல் சான்றிதழுக்கு மனுப் போட்டிருந்தது. மதில் ஓரம் முழுக்க மரம் வைக்க வேண்டும், அதைக் கவனிக்க நிரந்தர ஊழியர் ஒருவர் வேண்டும், அவருக்குச் செடி வளர்த்த அனுபவம் எழுத்தில் இருக்க வேண்டும். அலுவலகத்தில் தேடியிருக்கிறார்கள். எழுத்தில் அனுபவம் இருந்தவர் ஒருவர்தான். பன்னிரண்டு விதையில் இரண்டை அறுத்து, ஒன்றை வளர்த்தவர். எந்த மெஷினாவது அந்தக் கணக்கில் உற்பத்தி செய்தால் அன்றே நிறுத்தியிருப்பார்கள்.

அவர் ஆர்டருடன் மாடிக்கு வந்தார். பின்னாலேயே மாடத்தியும் வந்தாள்.

"மேடம், இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் எழுதித் தரணும்."

"நன்றி சொல்லியா?"

"இல்ல. நான் டிரெய்னியாவே இருந்துக்கிடுதேன், ஸ்டாண்டர்ட் ரூம்லயே விட்டுருங்கன்னு."

நான் மாடத்தியைப் பார்த்தேன். அவள் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"தோட்டத்துல அளவுன்னு ஒண்ணு கெடையாது மேடம்," என்றார் அவர். "வெயில் எவ்வளவுன்னு கேட்டா, நெறயங்கிறான். தண்ணி எவ்வளவுன்னா, ஊத்துற வரைக்கும்ங்கிறான். எனக்கு அந்த வேல தெரியாது."

"ஆணி எடை போடத் தெரியுமா?" என்று மாடத்தி கேட்டாள்.

அவர் ஆர்டரை மேஜையில் வைத்து ஓரத்தை நேராக்கினார்.

"ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழம எங்க அண்ணனுக்கு யாரு பதில் சொல்லுதா? நாந்தான் சொல்லுதேன். அடுத்த மாசம், அடுத்த மாசம்னு. நீங்க ஒரு நாளாவது அந்த போனை எடுத்திருக்கியளா? ஃப்ரிட்ஜியக் குடுத்தேன். மாவக் கொண்டுபோயி மேல வச்சேன். அதுக்கு மேல ஒரு வார்த்த சொல்லலல்லா. இப்ப சொல்லுதேன். கையெழுத்துப் போடுங்க."

என் கையில் பேனா இருந்தது. எந்த ஊரிலும் ஒரு வருடம் சேர்ந்தாற்போல் தங்காத எனக்கு இதில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்பது நிம்மதியாக இருந்தது. அவர் அந்தப் பேனாவை வாங்கி, ஆர்டரின் நகலில், கோட்டுக்கு மேல் கால் அங்குலம் விட்டு, கையெழுத்துப் போட்டார்.

வனமாமலை நம்பவில்லை. "தோட்டக்காரனுக்கு என்னட்டீ பெர்மனெண்ட்டு? காண்ட்ராக்ட்லதான் போட்டிருப்பான். ஆர்டர் எவனும் அடிக்கலாம். அந்தத் தரகனும் ஒரு பேப்பர் காட்டுனான்லா," என்றார். சேர் அப்படியே இருக்கிறது, மாடியும் முடியப் போகிறது என்றார்.

பிப்ரவரி முதல் தேதி கோமதிநாயகம் வெயிலுக்கு வந்தார். வேப்பங்கன்றுகளுக்குக் குழி வெட்டுகிறவர்கள் அவர் டேப் வைத்து அளப்பதற்குள் அடுத்த குழிக்குப் போய்விடுவார்களாம். ஸ்டாண்டர்ட் ரூம் கதவைத் திறக்கும் அட்டையை அவரிடமிருந்து திரும்ப வாங்கிவிட்டார்கள். அவர் இடத்துக்குப் பூஜா என்று ஒரு பெண் டிரெய்னியாக வந்திருந்தாள். செடி அவர் கூடப் போகவில்லை. அதற்கு எண் இருந்தது, அறை இருந்தது. முதல் மொட்டு விரிந்ததைப் பூஜாதான் சாப்பாட்டு நேரத்தில் வந்து சொன்னாள். அவர் வராந்தாவில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தார். ஒரு வாரத்தில் மூன்று பூ.

மாடத்தி அதைப் பார்க்கவே இல்லை என்பது அவரை உறுத்தியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோக முடியுமா என்று புருஷோத்தமனிடம் கேட்டார். சொத்து வெளியே போகக் கேட் பாஸ் வேண்டும். திரும்ப வரும் பொருள் என்று எழுதினால் கொடுப்பார்கள். புருஷோத்தமன் படிவத்தைக் கொடுத்தார். கோமதிநாயகம் விவரம் என்ற இடத்தில் எழுதினார்: சைக்ளமென் செடி 1, இலை 19, பூ 3.

"செடி ஒண்ணுன்னு எய்தினா பத்தாதாபா?"

"விவரம் முழுசா இருக்கணும்லா அண்ணாச்சி."

"எய்து எய்து. வேர எண்ணல?"

சனிக்கிழமை மாலை ஐஸ் போட்ட தெர்மோகோல் பெட்டியில் செடி படப்பை வந்து சேர்ந்தது. ஞாயிறன்று எங்கள் தெருவில் பாதிப் பேர் வந்து பார்த்தார்கள். பூ தரையைப் பார்த்துக் குனிந்திருந்தது. இதழ்கள் மட்டும் பின்னால் மடங்கி, எதிர்க்காற்றில் நிற்பதுபோல இருந்தது. "தலைகீழால்ல பூத்திருக்கு," என்றார் அப்பா. மாடத்தி குனிந்து மோந்து பார்த்தாள். "வாசமே இல்ல," என்றாள். ஆனால் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

மாலையில் அவர்கள் கோவிலுக்குக் கிளம்பினார்கள். மாடத்தி தலைசீவி மல்லிகை வைத்துக்கொண்டு வந்தபோது, மல்லிகைக்கு நடுவில் ஓர் இளஞ்சிவப்புப் பூ இருந்தது. அவள் அதைப் பறித்ததில் யோசித்துச் செய்ததாக ஒன்றும் இல்லை. பதினைந்து மாதம் காத்திருந்து வீட்டில் ஒரு பூ பூத்தால் தலையில் வைக்காமல் வேறு என்ன செய்வார்கள்?

கோமதிநாயகம் செடியைப் பார்த்தார். "ரெண்டு," என்றார்.

"எப்படி இருக்கு?" என்று அவள் திரும்பி நின்று காட்டினாள்.

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு," என்றார்.

திங்கட்கிழமை காலை கேட்டில் செக்யூரிட்டி அப்பாவு கேட் பாஸையும் செடியையும் மாறி மாறிப் பார்த்தார். இலையை எண்ணினார். பத்தொன்பது சரி.

"பூ மூணுன்னு போட்டுக்கீது. ரெண்டுதான் கீது. இன்னொண்ணு?"

"வீட்ல இருக்கு."

"வூட்ல எங்க?"

"சம்சாரம் தலையில."

அப்பாவு பதிவேட்டில் அப்படியே எழுதினார். அதை மாற்றி எழுதச் சொல்ல கோமதிநாயகத்துக்குத் தோன்றவில்லை, நடந்தது அதுதானே. பதிவேடு மேலே போயிற்று. கம்பெனியின் சொத்தில் ஒரு பகுதி குறைவாகத் திரும்பியிருக்கிறது, மூன்று நாளுக்குள் விளக்கம் தரவும் என்று சனிக்கிழமை அவர் கையில் ஒரு மெமோ கொடுத்தார்கள்.

அவர் அதை நான்காக மடித்து உள் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஏழு வருடத்தில் தன் பெயரில் ஒரு மெமோகூட வாங்காதவர். முகம் கருத்திருந்தது, அதில் பாதி வெயிலால். புருஷோத்தமன் பின்னாலேயே வந்தார், சிரிப்பை அடக்க முடியாமல்.

"இன்னாத்துக்கு மூஞ்சிய இப்டி வெச்சிக்கினுகீற? டிரெய்னிக்கு எவனாவது மெமோ குடுப்பானா? நாளைலேர்ந்து வராதன்னுவான், முட்ஞ்சி போச்சி. மெமோ குட்த்தா பெர்மனென்ட்டுன்னு அர்த்தம். நான் நாலு வாங்கிக்கீறேன்."

மாடத்தி மெமோவை வாங்கி, எழுத்துக் கூட்டி, ஊழியர் எண்ணை மட்டும் இரண்டு தடவை படித்தாள். பிறகு அதை மாவு படாத இடமாகப் பார்த்து வைத்தாள்.

மறுநாள் பதினோரு மணிக்குப் போன் அடித்தது. கோமதிநாயகம் எங்கள் கூடத்தில் தயாராக நின்றிருந்தார். தானே எடுத்தார். மெமோவை ஆங்கிலத்தில் முழுக்க வாசித்தார். பிறகு தமிழில் சொன்னார். சம்சாரம், தலை, பூ எதையும் விடவில்லை.

எதிர்முனையில் சேர் இழுபடும் சத்தம் கேட்டது.

"எழுத்துலயே குடுத்திருக்கானா?" என்றது வனமாமலையின் குரல்.

"ஆமா மச்சான்."

"சீல் இருக்கா?"

"ரவுண்ட் சீல். தேதியோட."

"எங்க சித்தப்பா கவர்மெண்ட் பஸ்ஸுல கண்டக்டரா இருந்தாவ. வருசத்துக்கு ரெண்டு மெமோ வரும் அவுகளுக்கு. ரிட்டயர் ஆவுத வரைக்கும் ஒருத்தரும் அசைக்க முடியல." அவர் பெருமூச்சு விட்டது எங்களுக்கும் கேட்டது. "சரி மாப்ள. அந்தச் சேர்ல வேற ஆளப் போட்டுருதேன்."

கோமதிநாயகம் ரிசீவரை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"விளக்கம் எழுதணும் மேடம். மூணு நாள்னு போட்டிருக்கான். ஒரு நாள் போயிட்டு," என்றார்.